சொட்டு

வியர்வையாகத்தான் இருக்கும். வேறென்ன. ரப்பர் கையுறைக்குள் கையை நுழைத்து இந்தப் புழுக்கத்தில் அத்தனை நேரம் வைத்திருந்தால் எந்தக் கைதான் நனையாது. செண்பகவல்லி வலது கை ஆள்காட்டி விரலை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். நகத்தை ஒட்டி, கட்டைவிரல் பக்கமாக, ஒரு பொட்டு ஈரம். மற்ற நாலு விரலும் காய்ந்து கிடக்கின்றன. அதெப்படி, இந்த ஒரு விரலுக்கு மட்டும் தனியாக வியர்க்குமா? வியர்க்கலாம், உடம்பு என்ன சட்டம் படித்துவிட்டா வியர்க்கிறது. இல்லை, குழாயடியில் கையுறையைக் கழுவினபோது மணிக்கட்டு வழியாக உள்ளே இறங்கின தண்ணீரோ? அதுவும் இருக்கலாம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதன் பெயரைச் சொல்ல வந்த மனசு சொல்லாமல் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தது. எதிரே அமிலப் புகையை இழுத்து வெளியே தள்ளுகிற புகைக்கூண்டின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், சுடுதட்டின் மேல் வரிசையாக டெஃப்லான் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் கடலடியிலிருந்து வந்த கறுப்புத் தூள் ஒரு சிட்டிகை. அதன் தலையில் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவளே ஊற்றிய எச்.எஃப். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். மற்ற அமிலம் எல்லாம் பட்டால் சுடும், கத்துவோம், கழுவுவோம், தீர்ந்தது. இந்தச் சனியன் சுடாது. தண்ணீர் மாதிரி சாதுவாகத் தோலுக்குள் இறங்கி, கால்சியம் எங்கே, கால்சியம் எங்கே என்று தேடிக்கொண்டு எலும்புவரை போய் உட்கார்ந்துகொள்ளும். சில நேரம் சாயங்காலம் ஆன பிறகுதான் வேலையைக் காட்டும். எங்காவது ஓட்டையா என்று கழற்றிப் போட்ட கையுறைக்குள் தண்ணீர் பிடித்துப் பிழிந்து பார்த்தாள். அதன் ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு துளி முத்துக் கட்டியது. உள்ளேயிருந்து வந்ததா, வெளியே ஒட்டியிருந்ததா? இன்னொரு தடவை பிழியக் கை வரவில்லை. கையுறையைக் குப்பையில் போட்டுவிட்டாள்.

இந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் மேலாவது ஒரு துளி பட்டால், பட்டதோ இல்லையோ என்று சந்தேகம் வந்தாலே போதும், உரக்க "சொட்டு!" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான், செய்கிற வேலையை அப்படி அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் ஓடி வருவார்கள். ஒருவர் குழாயைத் திறப்பார், ஒருவர் கால்சியம் ஜெல் கொண்டுவந்து தேய்ப்பார். இந்த வழக்கத்தை உண்டாக்கினவர் தலைவர் கோமதிநாயகம். ஜெல்லும் அவர் மேசை இழுப்பறையில்தான், பூட்டுக்குள்ளே. யாரோ மூடி போடாமல் விட்டு ஒரு டியூப் காய்ந்துபோயிற்றாம், அன்றிலிருந்து கஜானா சாவி மாதிரி அந்தச் சாவி அவர் பையில். கத்தினால் அவர்தான் வருவார். போன மாதம் கத்தினாளே, வந்தாரே. நாற்காலியைத் தள்ளிவிட்டு, ஒரு செருப்பை வழியில் விட்டுவிட்டு ஓடிவந்து, கை முழுக்க ஜெல்லை அப்பி, அப்பிக்கொண்டிருக்கும்போதே அவர் வழுக்கையில் மேலேயிருந்து டொப்பென்று ஒரு துளி. ஏசி ஒழுகியிருக்கிறது. அன்றைக்கு டீ குடிக்கிற இடத்தில் அத்தனை பேர் நடுவில், "நம்ம செண்பகத்துக்கு ஏசித் தண்ணியும் எச்.எஃப்தான்!" என்றார். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. கருவி அறையில் இருக்கிற ஃபரீதா, கூடவே உட்கார்ந்து தினமும் சாப்பிடுகிற ஃபரீதா, வாயில் பிஸ்கட் தூளோடு அவளும் சிரித்தாள். சிரிக்கட்டும். நன்றாகச் சிரிக்கட்டும். இனிமேல் இந்த வாயிலிருந்து அந்தச் சொல் வராது. இப்போதுகூட அவர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நடையில் நின்று போனில் யாரிடமோ இளித்துக்கொண்டிருக்கிறார். அவர் கண் இங்கே திரும்புகிற சமயம் பார்த்து, விரலைக் காட்டிக்கொண்டிருந்த குழாயை மூடினாள். எத்தனை நேரம் கழுவினோம்? போதுமான அளவு கழுவவில்லை, அது தெரியும். சும்மா கை அலம்பினதுபோல் காட்டிக்கொண்டு துண்டில் துடைத்தாள். விரல் ரோஜா நிறத்தில், ஒன்றும் அறியாத மாதிரி இருந்தது.

கிண்ணங்களில் தூள் கரைந்துகொண்டிருந்தது. கறுப்பு பழுப்பாகி, பழுப்பு தேன் நிறமாகிக்கொண்டு வருகிறது. எத்தனை லட்சம் வருஷம் இப்படி ஒரு மத்தியானத்தில் காணாமல் போகிறது. கடலுக்கடியில் ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில், இருட்டில், குளிரில், இந்த உருண்டைகள் வளர்கின்றன. பத்து லட்சம் வருஷத்துக்கு நகக்கண் அளவு தடிமன் சேர்ந்தால் அதிகம். மாங்கனீசு ஒரு படலம், இரும்பு ஒரு படலம் என்று கடல் தண்ணீரிலிருந்து தானாகவே படிந்துகொண்டு, வருகிற போகிற நிக்கலையும் செம்பையும் கோபால்ட்டையும் இழுத்துப் போட்டுக்கொண்டு. நாட்யூல் என்பார்கள். இவள் வீட்டில் கேட்டவர்களிடம் கருகிப்போன உருளைக்கிழங்கு என்று சொல்லியிருக்கிறாள், புரிந்ததுபோல் தலையாட்டினார்கள். அந்தக் கோபால்ட்டில்தான் சண்டை. கோமதிநாயகம் தில்லியில் மேடையேறி, உருண்டையில் கோபால்ட் இவ்வளவு என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார், பத்திரிகையில் போட்டோவோடு வந்தது, மாலை போட்டார்கள். அதே உருண்டையை இவள் கரைத்துப் பார்த்தால் அந்த எண் வரவில்லை, குறைவாக வருகிறது. போய்ச் சொன்னதற்கு என்ன கேட்டார்? "தூளைக் காய வச்சீங்களா? சமையல் பண்ற மாதிரி எடை போட்டா இப்படித்தான் வரும் செண்பகம்." சமையல். இவளும் டாக்டர்தான். அந்தப் பட்டத்தைச் சொல்லி ஒருத்தனும் கூப்பிட்டதில்லை, அது வேறு கதை. இந்தத் தூள் ஈரம் குடிக்கும் என்று இவளுக்கா தெரியாது! மழை நாளில் தராசில் வைத்துவிட்டு ஒரு மூச்சு விட்டால் போதும், கடைசி எண் கண்ணெதிரேயே ஊர்ந்து ஊர்ந்து ஏறும். காற்றில் இருக்கிற தண்ணீரை அப்படிக் குடிக்கும். குடித்த தண்ணீரையும் உலோகமென்று எடை போட்டால் கணக்கு குட்டிச்சுவர். அதனால்தான் அடுப்பில் காய வைத்து, ஈரம் படாத பெட்டியில் ஆறவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை போட்டாள். அப்படியும் குறைவாகத்தான் வந்தது. தப்பு வேறு இடத்தில். கருவிக்கு அளவு சொல்லிக்கொடுக்க ஒரு ரெஃபரன்ஸ் தூள் இருக்கிறது. இதில் கோபால்ட் இவ்வளவு என்று சான்றிதழோடு வந்த தூள். அதைக் குப்பியிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருப்பார். அதுவும் நாட்யூல்தானே, அதுவும் குடித்திருக்கும். சொன்ன அளவுக்குச் சரக்கு அதில் இல்லையென்றால் கருவி மற்றதையெல்லாம் கூட்டித்தான் காட்டும். "ரெஃபரன்ஸைக் காய வச்சீங்களா சார்?" என்று கேட்டாள், அவ்வளவுதான். மனுஷன் சிரித்தார்.

விரலில் ஏதோ குறுகுறுப்பு. இல்லை, ஒன்றுமில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்தினால் வலிக்கிறது; எந்த விரலை அழுத்தினாலும் வலிக்கும். இடது கையில் அதே விரலை அதே மாதிரி அழுத்தி ஒப்பிட்டாள். ஒன்றுபோல்தான் இருக்கிறது. வியர்வைதான். வியர்வைதான் என்று நினைத்த மறு நிமிஷமே எலும்பு ஞாபகம் வந்தது, எலும்பு ஞாபகம் வந்ததும் பல். அந்தப் பல்லை அவள் என்றைக்கும் மறக்கப் போவதில்லை. கப்பலில், நடுக்கடலில், மூன்று நாளாக வாந்தி எடுத்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வேலை பார்த்த சமயம். கம்பி வடத்தில் தொங்கிய பெட்டி மேலே வந்தது. வெளியே தீயாய்க் காய்கிற வெயில், பெட்டிக்குள் சேறு ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. கையை விட்டு உருண்டையை எடுத்தவள் அவள். கழுவினவள் அவள். ரம்பத்தில் வைத்து அறுத்தவள் அவள். அறுத்த பாதியின் நடுவில், வெங்காயத்தை நறுக்கினால் தெரிகிற வட்டம் வட்டத்துக்கு நடுவில், ஒரு சுறாப் பல். சின்னது, தந்த நிறம், நுனி கூர் மழுங்காமல். அதைச் சுற்றித்தான் அத்தனை கறுப்பும் படிந்திருக்கிறது. கடலடியில் எலும்பெல்லாம் கரைந்துபோகும், சுறாப் பல் மட்டும் கரையாது. அதன் பூச்சிலேயே ஃப்ளோரின் கலந்திருக்கிறது. கலந்து கெட்டிப்பட்டுப்போனது. மனுஷ எலும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, வருகிற ஃப்ளோரினுக்கெல்லாம் கால்சியத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுச் செத்துப்போகும். அவள் அந்தப் பல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பின்னாலிருந்து ஒரு கை வந்து எடுத்தது. "அடடே, பாத்தீங்களா!" என்று கோமதிநாயகம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், திரும்பி வரவில்லை. இப்போது அது அவர் மேசையில் கண்ணாடிக் கட்டிக்குள் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் காட்டி, "நான் அறுத்தப்போ வந்தது" என்கிறார். நான் அறுத்தப்போ. இவள் எதிரிலேயே. ஒரு தடவை அல்ல, மந்திரி வந்தபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தபோது, வெள்ளைக்காரன் வந்தபோது. மற்றதெல்லாம் அதன்மேல் படிந்ததுதான்.

"அக்கா, டீக்கு வரலையா?" கதவைத் திறந்து ஃபரீதா தலையை நீட்டினாள்.

"இது வத்துற வரைக்கும் நகர முடியாது. நீ போ."

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல, வியர்வை."

"எனக்குந்தான். இன்னைக்கு என்ன இப்படிப் புழுங்குது," என்று சொல்லிவிட்டு ஃபரீதா போய்விட்டாள். பாருங்கள், கையில் என்ன என்று கேட்கத் தெரிந்தவளுக்கு, இவள் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் நின்று, என்னக்கா, ஒரு மாதிரி இருக்கீங்களே என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. கேட்கவில்லை. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. கிண்ணங்கள் வற்றிக்கொண்டிருந்தன. நகர முடியாது என்றது பாதிப் பொய். சூட்டைக் குறைத்துவிட்டுப் போகலாம். நாலு எட்டு நடந்தால் அவர் அறை. கதவைத் தட்டி, சார், ஜெல் வேணும். எதுக்கு? விரலில் ஈரமா இருந்துச்சு. ஈரமா! ஏசியா? என்று ஒரு சிரிப்பு சிரிப்பார். வியர்வையாக இருந்துவிட்டால்? நாளைக்கு டீயில் புதுசாக ஒன்று சேரும்: நம்ம செண்பகத்துக்கு வியர்வையும் எச்.எஃப்தான். அதைவிட விரல் போகலாம். போனால் என்ன ஆகும்? ஆள்காட்டி விரல் இல்லாமல் பேனா பிடிக்கலாம், பழகிக்கொள்ளலாம். பூத் தொடுக்க முடியாது, அவள் என்றைக்குத் தொடுத்தாள். வாசலில் வருகைப் பதிவுக் கருவி இந்த விரலைத்தான் கேட்கும். தினம் காலையில் அதில் அழுத்தினால் ஒரு பெண் குரல் நன்றி சொல்கிறது. இந்தக் கட்டடத்தில் அவளுக்கு நன்றி சொல்கிற ஒரே குரல். விரல் இல்லாவிட்டால் அதுவும் இவளை யாரென்று கேட்கும். சிரிப்பு வந்தது. கோமதிநாயகத்துக்கு இடது சுண்டு விரலில் நகம் கிடையாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தும்போது அந்தக் கையைத் தூக்கிக் காட்டுவார். படிக்கிற காலத்தில் பட்டதாம், பேராசிரியர் திட்டுவார் என்று சாயங்காலம்வரை வாயைத் திறக்கவில்லையாம். "உடனே பட்டதுன்னா ஜெல் போதும். நேரமாயிடுச்சுன்னா ஜெல்லை நம்பாதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, விரல்லயே ஊசி ஏத்தணும். அதனால முதல் கேள்வி, எப்போ. எங்க, எவ்வளவுங்கிறதெல்லாம் அப்புறம்." எத்தனை தடவை கேட்ட பாடம். அதைச் சொல்லும்போது மட்டும் அந்த ஆள் குரலில் நடிப்பு இருக்காது. அதையும் அவள் ஒரு குறையாகவே வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு இந்தக் கோபால்ட்டைப் பார்த்தால் எரிச்சல். நிக்கலும் செம்பும் வரும், ஒட்டும், இடம் பிடிக்காவிட்டால் கழன்று போகும். கோபால்ட் அப்படியில்லை. தண்ணீரில் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது மாங்கனீசுமேல் வந்து ஒட்டும்; ஒட்டின இடத்தில் ஒரு எலெக்ட்ரானைப் பறிகொடுக்கும்; பறிகொடுத்தபின் திரும்பித் தண்ணீருக்குப் போக அதற்கு ஆகாது. அங்கேயே கிடக்க வேண்டியதுதான். வெளியூரில் நல்ல வேலை வந்தது ஒரு காலத்தில். போயிருக்கலாம். ஏன் போகவில்லை? இந்த ஆளை ஒரு நாள், ஒரே ஒரு நாள், அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டுப் போகலாம் என்றிருந்தாள். அந்த நாள் இன்றைக்கு என்று நினைத்துத்தான் காலையில் புடவைகூடப் பார்த்துக் கட்டினாள். இந்தக் கிண்ணங்கள் வற்றி, கரைத்து, கருவியில் விட்டு, எண் வந்துவிட்டால், அதைக் கொண்டுபோய் அவர் மேசையில், அந்தப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருக்கிறாள். சமையல் முடிஞ்சிருச்சு சார், சாப்பிடுங்க. இதை நினைக்கும்போதே உடம்பு சூடாகிறது. அப்போது, அந்த நினைப்பின் நடுவில், நகத்துக்கடியில் யாரோ மெல்லச் சுண்டியதுபோல் ஒன்று. நின்றது. மறுபடி. ஊசி குத்துகிற வலி இல்லை, வெளியிலிருந்து வருகிற வலியே இல்லை, உள்ளேயிருந்து, ஆழத்திலிருந்து, நாடித் துடிப்புக்குத் துடிப்பு. அவள் விரலைப் பார்த்தாள். நகத்தை ஒட்டிய இடம் வெளுத்திருந்தது. சத்தியமாகச் சொல்ல வேண்டுமென்றால் அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். பார்த்தாயா! ஏசித் தண்ணியா இது? சொல்லுடா இப்போ, வியர்வையா? கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது அந்தச் சந்தோஷத்தில். சரியாகச் சொன்னவள் நான்தான், எப்போதும் நான்தான். அடுத்த துடிப்பில் வலி கணுவரை ஏறியது. அதற்கடுத்ததில் புறங்கைக்கு வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். கத்தக் கூடாது, செத்தாலும் கத்தக் கூடாது என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே யாரோ கத்துகிற சத்தம் அவள் காதில் விழுந்தது.

"சொட்டு!"

நாற்காலி விழுந்தது. இழுப்பறை திறந்தது. கோமதிநாயகம் டியூப் மூடியைப் பல்லால் திருகிக்கொண்டே ஓடி வந்தார், பின்னாலேயே டீ டம்ளரோடு ஃபரீதா. ஏசியை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலைப் பிடித்துக் குழாயடியில் நீட்டி, ஜெல்லைப் பிதுக்கித் தேய்க்கத் தொடங்கினார். நகமில்லாத சுண்டு விரல் அவள் கையில் பட்டது.

"எப்போ?"

அவள் விரல்மேல் விழுகிற தண்ணீரைப் பார்த்தாள்.

"செண்பகம், எப்போ பட்டது? சொல்லுங்க."

மத்தியானம். ஒரே ஒரு சொல். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: ஏன் சொல்லலை? அதற்கு என்ன பதில். உங்களுக்காகத்தான் சார், உங்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான். அவர் முகம் இத்தனை பக்கத்தில் இருக்கிறது, மூக்கு நுனியில் வியர்வை. அந்த முகம் வெளிறி, பயந்துபோய், இவளுடைய பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் சார்."

"நல்லவேளை." அவர் மூச்சு விட்டார். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "நல்லவேளை, உடனே கூப்பிட்டீங்க. ஒண்ணும் ஆகாது." தேய்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, விரலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உங்கள பாக்கத்தான் வந்துட்டிருந்தேன். அந்த ரெஃபரன்ஸ் தூளைக் காய வச்சு எடை போட்டேன். தண்ணி ஏகத்துக்குக் குடிச்சிருக்கு. ஒரு வகையில பாத்தா நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கு. தில்லிக்குத் திருத்தம் அனுப்பணும். ரெண்டு பேர் பேர்லயும் போட்டுருவோம், என்ன?"

ரெண்டு பேர் பேரிலும். ஒரு வகையில். அதையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காலையில் பார்த்துக் கட்டின புடவையில் ஜெல் வழிந்திருந்தது. சொல்லிவிடலாம், இப்போதுகூடச் சொல்லலாம், சார், மத்தியானமே பட்டது என்று. ஆஸ்பத்திரி பக்கம்தான், கார் வாசலில் நிற்கிறது, அவரே ஓட்டுவார், வழியெல்லாம் அக்கறையாகப் பேசிக்கொண்டே ஓட்டுவார். அவள் வாயைத் திறந்தாள்.

"சார்."

"சொல்லுங்க."

"கிண்ணம் வத்திடும். சூட்டைக் குறைக்கணும்."

"அதை ஃபரீதா பாத்துக்குவா," என்று அவர் டியூபை மூடினார். ஃபரீதா போய்ச் சுடுதட்டின் திருகைத் திருப்பினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜெல்லுக்கு அடியில், தோலுக்கு அடியில், ஜெல் போய்த் தொட முடியாத இடத்தில் அது தேடினது கிடைத்துச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"வலி கொறையுதா?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"கொறையுது சார்," என்றாள்.